கல்லடியில் ஒரு வீட்டுச் சங்கீத வகுப்பு: ரீச்சரின் பாசம் எங்கே உதவுகிறது, எங்கே பாரமாகிறது

மட்டக்களப்பில் சங்கீத ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. சுவாமி விபுலானந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியிலேயே இருப்பதால், அங்கே படித்து வந்த பலர் வீட்டில் வகுப்பு வைக்கிறார்கள். அப்படியொரு வாய்ப்பாட்டு வகுப்பைப் பற்றிய மதிப்பீடு இது. விளம்பரம் தேடாத சின்ன இடம் என்பதால் பெயர் போடவில்லை. சனி பின்னேரம் ஒரு மணித்தியாலம், 6 பிள்ளைகள், மாதம் 2,500 ரூபா.

ரீச்சருக்குப் பிள்ளைகள் என்றால் உயிர். "என்ட பிள்ளையள்" என்றுதான் சொல்வார். அந்தப் பாசம் சுருதி வைக்கும் விதத்திலேயே தெரிகிறது. தன் குரலுக்கு வசதியான கட்டையை (சுருதியின் உயர அளவை) வைத்துவிட்டு எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகும் ஆசிரியர்கள் உண்டு. இவர் 5 கட்டையில் தொடங்கி, மேல் ஷட்ஜத்தில் (மேலே வரும் ‘ச’வில்) யாருக்காவது கழுத்து நரம்பு புடைத்தால் உடனே அரைக் கட்டை இறக்குகிறார்.

குரல் உடையும் வயதுப் பையன்களை இவர் பார்த்துக்கொள்ளும் விதத்துக்காகவே இந்த வகுப்பைச் சிபாரிசு செய்யலாம். 12, 13 வயதில் 5 கட்டை அவர்களுக்கு மேலேயும் எட்டாது, கீழேயும் நிற்காது. கத்திப் பாடினால் தொண்டை கெடும். சும்மா இருத்திவைத்தால் வெட்கப்பட்டு வகுப்பையே விட்டுவிடுவார்கள். ரீச்சர் அந்தப் பையனை எல்லோருக்கும் தாளம் போட வைக்கிறார். வகுப்பு முடிந்ததும் 15 நிமிடம் தனியே இருத்தி, 1 அல்லது 2 கட்டையில், பஞ்சமத்தை (‘ப’வை) தாண்டாமல் அகாரம் பிடிக்க, அதாவது ‘ஆ’ என்று நீட்டிப் பாட வைக்கிறார். இதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை. குரல் இறங்கி நிலைக்கும்வரை கட்டையை அடிக்கடி சரிபார்க்கிறார்.

இன்னொன்று, கூடப் பாடிக்கொண்டே இருக்காமல் இடையில் நிறுத்திவிடுவது. பிள்ளைகள் ரீச்சரின் குரலைப் பிடித்துக்கொண்டே பாடிப் பழகிவிட்டால், அவர் நிறுத்திய இடத்தில் அவர்களும் விழுந்துவிடுவார்கள். ச, ரி, க, ம என்று ஏறி இறங்கும் ஆரம்பப் பாடமான முதல் சரளி வரிசையை மூன்றாம் காலத்தில் (நான்கு மடங்கு வேகத்தில்) பாடினால் ஆரோகணமும் அவரோகணமும் (ஏற்றமும் இறக்கமும்) 4 எண்ணிக்கையில் முடிந்துவிடும். 2 தரம் பாடினால்தான் 8 எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் (சுற்று) நிரம்பும். பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறுவது அந்த இரண்டாம் எடுப்பில்தான். ரீச்சர் சரியாக அங்கேதான் வாயை மூடிக்கொண்டு, தாளம் போடும் கையையும் சேலைக்குள் மறைத்துக்கொள்கிறார். இந்தப் பாடத்தின் ராகமான மாயாமாளவகௌளையின் ரிஷபம் (ரி) மேலே ஏறுவதும் காந்தாரம் (க) தொய்வதும் அப்போது அப்படியே வெளியே வந்துவிடும். திட்டுவதில்லை. ச‑ரி‑ச மட்டும் தனியாகப் பாட வைத்து, பிறகு காந்தாரத்துக்குப் போகிறார்.

பெற்றோர் கவலைப்படும் விஷயங்களிலும் கவனமாக இருக்கிறார். வீட்டுக் கதவு திறந்தே இருக்கும், விறாந்தையில் தாய்மார் இருக்கலாம். மூச்சுப் பயிற்சியில் பிள்ளையின் வயிற்றைத் தொடாமல், பிள்ளையின் கையை அதன் வயிற்றிலேயே வைக்கச் சொல்கிறார். சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்த குரல் பதிவு தாய் தகப்பனின் வட்ஸ்அப்பில் இருந்துதான் வரவேண்டும், பதிலும் அங்கேதான் போகும்.

குறைகளும் உண்டு. நன்றாகப் பாடும் ஒரு பிள்ளையே எப்போதும் முதலில் எடுத்துக்கொடுக்கிறது. பின்வரிசையில் இருக்கும் இரண்டு பேர் அந்தக் குரலுக்குள் ஒளிந்துகொண்டு தப்பிவிடுகிறார்கள். கிழமைக்கு ஒருவர் என்று மாற்றினால் போதும்.

அதைவிடப் பெரிய குறை, நிறுத்த விரும்பும் பிள்ளைக்கு இங்கே ஒரு வழி இல்லாதது. ரீச்சர் மனம் நோகுமே என்று சொல்லாமல் இழுத்தடித்து, சாதாரண தரப் பரீட்சை ஆண்டில் மெல்ல மெல்ல வராமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு அவரை றோட்டில் கண்டாலும் தலை குனிந்து போகிறார்கள். இவ்வளவு நேசிக்கும் ஆசிரியர், விட்டுப் போவதையும் வகுப்பின் ஒரு பகுதியாக்கலாம். கடைசியாக ஒரு வகுப்பு வைத்து, எதுவரை படித்தது, எந்தக் கட்டை, எங்கே கவனம் வேண்டும் என்று பிள்ளையின் கொப்பியில் எழுதிக் கொடுத்தால் அடுத்த ஆசிரியருக்கும் அது உதவும்.

வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சையை அவசரமாக எடுக்க நினைப்பவர்களுக்கு இந்த இடம் சரிவராது. மூன்று காலமும் தனியாகப் பாட வராத பிள்ளையை ரீச்சர் விண்ணப்பிக்க விடமாட்டார். 7, 8 வயதில் தொடங்கும் பிள்ளைக்கும், குரல் உடைந்து கூச்சப்படும் பையனுக்கும் நல்ல இடம். சேர்க்க முன்னர் ஒரு சனிக்கிழமை விறாந்தையில் இருந்து முழு வகுப்பையும் கேளுங்கள், ரீச்சர் மறுக்கமாட்டார்.