லோன் கிடைக்காத ஃபிளாட்டை விற்க எந்த வழி நல்லது?

விலை பேசி, அட்வான்ஸும் வாங்கிய பிறகு, "சார், பேங்க் லீகல்ல நிறுத்திட்டாங்க" என்று போன் வந்தால் வயிறு எப்படிக் கலங்கும் என்பது எனக்குத் தெரியும். சென்னை மடிப்பாக்கத்தில் அப்பா 2003-இல் வாங்கிய ஃபிளாட்டுக்கு இது இரண்டு முறை நடந்தது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தோம். மூன்றாவதாக வந்த புரோக்கர் உட்காரும் முன்பே, "கேஷ் பார்ட்டிதான் சார், கால்வாசி விலை குறைச்சுக்குங்க" என்றார். அம்மா அன்றைக்கே சரி என்று சொல்லிவிடுவார் போலிருந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

விலையைக் குறைக்கும் முன் பேங்க் ஏன் மறுத்தது என்று தெரிய வேண்டும். "லோன் வராது" என்ற ஒரே வார்த்தைக்குப் பின்னால் வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. பத்திரத்தில் ஒரு சர்வே எண் தவறாக இருப்பதும், அனுமதியே இல்லாத மாடியில் வீடு இருப்பதும் ஒன்றல்ல. முன்னதை ஒரு பிழைத்திருத்தல் பத்திரம் சரிசெய்துவிடும். பின்னதைப் பெரும்பாலும் யாராலும் சரிசெய்ய முடியாது. இரண்டுக்கும் ஒரே தள்ளுபடி கேட்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

காரணத்தை எழுத்தில் வாங்குவது கொஞ்சம் சிரமம். பேங்க் வக்கீலின் அறிக்கையைப் பொதுவாக நம் கையில் தர மாட்டார்கள். வாங்க வந்தவரிடம் தன்மையாகக் கேட்டு, பேங்க் கேட்ட கேள்விகளையாவது குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நாமே ஒரு சொத்து வக்கீலிடம் தாய்ப்பத்திரத்திலிருந்து வில்லங்கச் சான்று வரை கொடுத்து லீகல் ஒப்பீனியன் வாங்கலாம். எங்களுக்கு அப்படித்தான் இரண்டு குறைகள் தெரிய வந்தன.

முதல் குறை வாரிசு. அப்பா உயில் எழுதாமல் இறந்தார். அம்மா, அக்கா, நான் மூன்று பேர்தான் வாரிசு என்று நினைத்திருந்தோம். ஆனால் அப்பா இறந்தபோது பாட்டி உயிரோடு இருந்தார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. பாட்டி பிறகு காலமானதால் அவர் பங்கு சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் கூடப் போயிருந்தது. அவர்கள் கையெழுத்து இல்லாத பத்திரத்தை எந்த பேங்க் வக்கீலும் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் செய்தது சரிதான்.

இரண்டாவது குறை கட்டடம். அனுமதி தரைத்தளமும் இரண்டு மாடியும்தான். பில்டர் மூன்றாவது மாடியும் கட்டி விற்றுவிட்டார். எங்கள் வீடு இரண்டாவது மாடியில், பிளானுக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் கட்டடம் மொத்தமாக விதிமீறல் என்று பேங்கின் மதிப்பீட்டாளர் எழுதிவிட்டார்.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

பேப்பரைச் சரிசெய்துவிட்டு விற்பது

குறை பத்திரத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இந்த வழிதான். செலவு சில ஆயிரங்களிலோ, ஒன்றிரண்டு லட்சத்திலோ முடியும். தள்ளுபடியோ பல லட்சம். அசல் பத்திரம் தொலைந்திருந்தால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, பதிவாளர் அலுவலகத்துச் சான்றிட்ட நகல் என்று ஒரு வரிசை இருக்கிறது. அனுமதி வரைபடம் காணவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு சிஎம்டிஏ எனும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திலோ மாநகராட்சி மண்டல அலுவலகத்திலோ நகல் கேட்கலாம். மடிப்பாக்கம் 2011-இல்தான் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. அதற்கு முந்தைய ஊராட்சிக் கோப்புகளைத் தேடி எடுக்க வைப்பதற்குப் பொறுமை வேண்டும். கட்டடத்தின் வயதுதான் சிக்கல் என்றால், பொறியாளரிடம் உறுதித்தன்மைச் சான்று வாங்கி வைப்பதும், குறைந்த தவணைக் காலம் கேட்கும் ஆளைத் தேடுவதும் பலன் தரலாம்.

எங்கள் வாரிசுக் குறை இப்படித்தான் தீர்ந்தது. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைத் தனியாகப் போடாமல், விற்பனைப் பத்திரத்திலேயே சித்தப்பாவும் அத்தையும் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டார்கள். பணம் எதுவும் வேண்டாம் என்றார்கள். அந்த மனசுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

குறை கட்டடத்தில் இருந்தால் கதையே வேறு. 2007 ஜூலை 1-க்கு முன் கட்டிய விதிமீறல் கட்டடங்களை வரன்முறைப்படுத்த நகர் ஊரமைப்புச் சட்டத்தில் இடம் வைத்தார்கள். அந்தத் தேதிக்குப் பின் கட்டியவற்றுக்கு அந்தக் கதவு கிடையாது. எங்கள் கட்டடம் தேதிக்குள் வருகிறது. ஆனால் ஒரு ஃபிளாட்டுக்கு மட்டும் தனியாகச் சரிசெய்ய வழியில்லை. கட்டடத்துக்கே செய்ய வேண்டும். மூன்றாவது மாடிக்காரர்கள், மனு போட்டால் அதிகாரிகள் வந்து சீல் வைத்துவிடுவார்களோ என்று பயந்தார்கள். அவர்கள் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களும் பில்டரை நம்பி ஏமாந்தவர்கள்தான். அந்த வழி எங்களுக்கு அங்கேயே அடைந்துபோனது.

வேறு பேங்க், அல்லது வீட்டுக்கடன் கம்பெனி

ஒரு பேங்க் மறுத்தால் எல்லாரும் மறுப்பார்கள் என்றில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வக்கீல், தனித்தனி விதி. சிறு விதிமீறலைப் பொறுத்துக்கொள்ளும் வீட்டுக்கடன் கம்பெனிகளும் உண்டு. ஆனால் வட்டி கூடுதல். அதைவிடப் பெரிய விஷயம், பிளானில் உள்ள பரப்புக்கு மட்டுமே மதிப்புப் போடுவார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். மதிப்பே குறைந்தால் கடனும் குறையும், மீதியை வாங்குகிறவர் கையிலிருந்து போட வேண்டும். சம்பளக்காரர் பலருக்கு அது முடியாது.

இந்தக் கதவும் வரவரக் குறுகுகிறது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கட்டட நிறைவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கட்டடத்தின் மேல் கடன் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் சிறிய குடியிருப்புக் கட்டடங்களுக்கு நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. உங்கள் கட்டடம் அந்த விலக்கில் வருமா என்று வக்கீலிடம் முதலில் கேளுங்கள். சிறு மீறல் என்றால் ஒரு மாதம் இந்த வழியில் முயன்று பார்ப்பதில் தவறில்லை. ஒரு மாடியே கூடுதல் என்றால் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கேஷ் பார்ட்டி

இங்கேதான் மக்கள் அதிகம் இழக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தள்ளுபடி கேட்பதில் நியாயம் இருக்கிறது. வாங்குகிறவர் நாளைக்கு விற்கும்போது அவருக்கும் இதே தலைவலிதான். ஆனால் எவ்வளவு தள்ளுபடி என்பதில் வரிக்கணக்கு நுழைகிறது என்பதைப் புரோக்கர்கள் சொல்வதில்லை. ஒரு கணக்குக்கு, சந்தை விலை 60 லட்சம், பத்திரப் பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு 52 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 45 லட்சத்துக்கு விற்கிறீர்கள். வழிகாட்டி மதிப்பு விற்ற விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடினால், வருமான வரித்துறை 52 லட்சத்துக்கு விற்றதாகவே எடுத்துக்கொள்ளும். கைக்கு வராத 7 லட்சத்துக்கும் மூலதன ஆதாய வரி. 12.5 சதவீதம் என்றால் 87,500 ரூபாய். வாங்குகிறவருக்கும் அந்த 7 லட்சம் வருமானமாகக் கணக்காகும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தையும் அவர் 52 லட்சத்துக்குத்தான் கட்டுவார். உண்மையான மதிப்பே குறைவு என்று வாதாடி, துறை மதிப்பீட்டாளரிடம் அனுப்பச் சொல்லலாம். பேங்க் மறுத்த விவரம் அங்கே உதவும். ஆனாலும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே விலையை நிறுத்துவதுதான் இரண்டு பேருக்கும் நிம்மதி. நான் பேரம் பேசியதே இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டித்தான்.

கேஷ் என்றால் கட்டுக்கட்டாக நோட்டு என்றும் அர்த்தமில்லை. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், அதே தொகை அபராதமாக வரலாம். காசோலை, வங்கிப் பரிமாற்றம் இரண்டும்தான் பாதுகாப்பு.

அப்புறம் ஒரு வகை ஆட்கள் வருவார்கள். "பாதிப் பணம் இப்போ, பவர் எழுதிக் கொடுங்க, நாங்க வித்துட்டு மீதியைத் தர்றோம்" என்பார்கள். வேண்டவே வேண்டாம். பவர் பத்திரம் மூலம் நடக்கும் விற்பனையால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வீடு உங்கள் பெயரிலேயே இருக்கும், அதில் வரும் வம்பும் உங்கள் பெயரிலேயே இருக்கும்.

கேஷ் ஆட்களிலும் வித்தியாசம் பாருங்கள். முதலீட்டுக்கு வாங்குகிறவர் அடிமாட்டு விலைதான் கேட்பார். ஓய்வுபெற்ற பணத்தில் குடியிருக்க வாங்குகிறவர் கொஞ்சம் மேலே வருவார். எல்லாரையும்விட நல்லவர் அதே கட்டடத்தில் இருப்பவர். அவருக்கு மூன்றாவது மாடிக் கதை முழுக்கத் தெரியும், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்றும் தெரியும். அவரிடம் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. நாங்கள் புரோக்கர்களுக்குப் போன் போடும் முன் எதிர் வீட்டில் கேட்டிருக்க வேண்டும், தோன்றவே இல்லை.

இன்னொன்று, வாங்குகிறவருக்கு வேறு நல்ல சொத்து இருந்தால் அதை அடமானம் வைத்துக் கடன் எடுக்கலாம். பேங்க் அந்தச் சொத்தைப் பார்க்குமே தவிர நம் ஃபிளாட்டை அல்ல. வட்டி வீட்டுக்கடனைவிடக் கூடும். ஆனாலும் விற்பனை நடக்கும்.

இடித்துக் கட்டும்வரை காத்திருப்பது

பழைய கட்டடம், நல்ல இடம், கையில் யூடிஎஸ், அதாவது நிலத்தில் நமக்குள்ள பிரிக்கப்படாத பங்கு, கணிசமாக இருக்கிறது என்றால் இது மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் தரலாம். 2019 விதிகளில் சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 1.5-லிருந்து 2 ஆனது. அதனால் பில்டர்களுக்கு ஆர்வம் இருக்கிறது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும். முன்பு ஒரே ஒருவர் பிடிவாதம் பிடித்தாலும் எல்லாம் நின்றுபோகும். விதிமீறல் என்ற குறையும் பழைய கட்டடத்தோடு இடிந்துபோகிறது. ஆனால் அனுமதியில்லாத மாடியில் இருப்பவருக்கு எவ்வளவு யூடிஎஸ் பதிவாகியிருக்கிறது என்பதில் சண்டை வரும், வருடங்கள் ஓடும். மருத்துவச் செலவுக்கோ மகள் கல்யாணத்துக்கோ பணம் தேவைப்படுகிறவருக்கு இது வழியல்ல. அதுவரை வாடகைக்கோ லீஸுக்கோ விட்டு வைக்கலாம். லீஸ் தொகை திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

எந்த வழியில் விற்றாலும் குறையை மறைக்காதீர்கள். தெரிந்த குறையை விற்பவர் சொல்ல வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டமே கேட்கிறது. முதல் நாளிலேயே சொன்னால் லோனை நம்பியிருப்பவர் வர மாட்டார், நமக்கும் அவருக்கும் இரண்டு மாதம் மிச்சம்.

எங்கள் ஃபிளாட்டைக் கடைசியில் எதிர் வீட்டுக்காரரே வாங்கினார், 54 லட்சத்துக்கு. தாம்பரத்தில் இருந்த தன் வீட்டின் மேல் கடன் எடுத்தார். 50 லட்சத்தைத் தாண்டியதால் ஒரு சதவீதம் டிடிஎஸ், அதாவது விற்பவர் பெயரில் முன்கூட்டியே கட்டும் வருமான வரி, பிடித்துக் கட்டிவிட்டு மீதியை எல்லாம் வங்கி வழியாகவே தந்தார். பதிவு முடிந்த அன்று அவரிடம் கொடுத்த கோப்பில் வக்கீலின் லீகல் ஒப்பீனியனையும், இரண்டு பேங்குகளும் கேட்ட கேள்விகளை நான் எழுதி வைத்திருந்த தாளையும் சேர்த்தே வைத்தேன். அம்மா மொட்டை மாடிச் சாவியைத் தனியாக எடுத்து அவர் மனைவி கையில் கொடுத்தார், வடாம் காயப்போடும் இடம் எது என்றும் சொன்னார்.