ஒரு கட்டெறும்பு ராணியிலிருந்து ஒரு கூட்டம்: மூன்றாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

திருச்சியில் உள்ள எங்கள் வீட்டில், ஒரே ஒரு கட்டெறும்பு ராணியில் தொடங்கிய கூட்டத்தை மூன்றாண்டுகளுக்கும் மேலாக வளர்த்து வருகிறேன். இந்தக் காலத்தில் சோதனைக் குழாய், அக்ரிலிக் கூடு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூடு, ஏஏசி கல்லில் (நுண்துளைகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) குடைந்த கூடு, எறும்பு தப்பாமலிருக்கப் பூசும் பூச்சுகள் எனப் பலவற்றையும் பயன்படுத்திப் பார்த்தாயிற்று. எறும்பு வளர்ப்பு பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பகுதி ஐரோப்பியக் குளிரையும் அங்குள்ள கறுப்புத் தோட்ட எறும்பையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் எது நம் ஊர் வெயிலுக்குப் பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கிய பொருள்களில் மிகச் சிறப்பாக உழைத்தது, எல்லாவற்றிலும் மலிவான சோதனைக் குழாய்தான். கூட்டம் சிறிதாக இருக்கும்போதே வாங்கி வைக்கும் அழகான கூடுகளால் ராணிக்கு ஒரு பயனும் இல்லை. பல வேளைகளில் தீங்கே நேர்கிறது.

கோடை மழை பெய்து ஓய்ந்த புழுக்கமான மாலைகளில் இறக்கை முளைத்த எறும்புகள் புற்றை விட்டுக் கிளம்புகின்றன. ஆண் எறும்புகள் இணைசேர்ந்த சில நாள்களுக்குள் இறந்துவிடும். ராணியோ தரையிறங்கி, தன் இறக்கைகளைத் தானே உதிர்த்துவிட்டு, மண்ணில் புகுவதற்கு இடம் தேடி அலையும். அப்படி அலையும் ராணியைத் தெருவிளக்கின் கீழோ, சுவரோரத்திலோ, மழைநீர் வடிந்த திண்ணையிலோ காணலாம். அதே விளக்கைச் சுற்றி ஈசலும் பறக்கும் என்பதால், புதியவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. ஈசல் கறையான் இனம். அதன் நான்கு இறக்கைகளும் ஒரே நீளம், இடை ஒடுங்கியிராது. எறும்புக்கு இடை ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்திருக்கும், முன்னிறக்கை பின்னிறக்கையைவிடப் பெரியது. இறக்கை உதிர்த்த கட்டெறும்பு ராணிக்கு நடுவுடல் தடித்துப் புடைத்திருக்கும். பறப்பதற்கு உதவிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. இறக்கை உதிர்ந்திருப்பது இணைசேர்ந்ததற்கு நல்ல அடையாளமே தவிர உறுதியான சான்று அன்று. இணைசேராத ராணியும் முட்டையிடக்கூடும். அம்முட்டைகளிலிருந்து ஆண் எறும்புகள் மட்டுமே வரும்.

புற்றைத் தோண்டி ராணியை எடுக்கலாமா என்று கேட்பவர்களிடம் கூடாது என்றே சொல்லி வருகிறேன். நிலைபெற்ற ஒரு கூட்டத்தின் ஒரே தாயை எடுத்துவிட்டால் அந்தக் கூட்டம் மெல்ல அழிந்துபோகும். மழைக்குப் பின் தரையில் அலையும் ராணிகளின் கதை வேறு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பல்லிக்கும் பறவைக்கும் சிலந்திக்கும் மற்ற எறும்புகளுக்கும் இரையாகின்றவை.

இனி சோதனைக் குழாய். கட்டெறும்பு ராணி ஒன்றரை சென்டிமீட்டருக்கும் கூடுதலான நீளம் கொண்டது என்பதால், ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் 20 மில்லிமீட்டர் விட்டமும் 15 சென்டிமீட்டர் நீளமும் உள்ள கண்ணாடிக் குழாயை வாங்கினேன். அடியில் மூன்றில் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் பஞ்சை இறுக்கமாக அடைத்து, ராணியை உள்ளே விட்டு, வாயை இன்னொரு பஞ்சால் மூட வேண்டும், அவ்வளவுதான் கூடு. பஞ்சு மருந்துக்கடையில் விற்கும் உறிஞ்சும் பஞ்சாக இருப்பது முக்கியம். வீட்டில் தலையணைக்கு வைத்திருக்கும் இலவம்பஞ்சு தண்ணீரை ஏற்காது. அதை அடைத்தால் ராணிக்கு ஈரம் எட்டாது.

இதன் பிறகு செய்ய வேண்டியது, குழாயை இருட்டான, அதிர்வில்லாத அலமாரியில் வைத்துவிட்டு விலகியிருப்பது. கட்டெறும்பு ராணிக்கு இந்தக் கட்டத்தில் உணவே தேவையில்லை. இனிப் பயன்படாத பறப்புத் தசைகளையும் உடலில் சேர்த்து வைத்த கொழுப்பையும் கரைத்து, அதைக் கொண்டே முதல் தொகுதிப் புழுக்களை அது வளர்த்துவிடும். பரிவு மிகுதியால் தேனை உள்ளே வைப்பவர்கள் பஞ்சில் பூஞ்சணத்தைத்தான் வளர்க்கிறார்கள். அடிக்கடி எடுத்துப் பார்த்தால் ராணி கலவரமடைந்து தான் இட்ட முட்டைகளையே தின்றுவிடுவதும் உண்டு. வாரம் ஒருமுறை, சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய கைவிளக்கில் பார்ப்பது போதும். எறும்புகளுக்குச் சிவப்பொளி அவ்வளவாகப் புலப்படாது.

நம் வீடுகளுக்கே உரிய ஓர் ஆபத்தை வெளிநாட்டுக் குறிப்புகளில் நான் கண்டதில்லை. கொசுவத்திச் சுருளிலும், மின்செருகியில் மாட்டும் கொசுவிரட்டித் திரவத்திலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் கொசுவைப் போலவே எறும்பையும் தாக்குபவை. எறும்பு இருக்கும் அறையில் இவை இரண்டையும் முற்றாக நிறுத்திவிட்டு, சன்னலுக்கு வலையடித்துக்கொண்டோம்.

முட்டை, புழு, கூட்டுப்புழு என்ற நிலைகளைக் கடந்து முதல் வேலைக்கார எறும்பு வர, நம் ஊர்ச் சூட்டில் ஏறத்தாழ ஆறு வாரமாகிறது. கட்டெறும்பின் புழு தன்னைச் சுற்றி வெளிர்பழுப்பு நிறத்தில் கூடு கட்டிக்கொள்ளும். அக்கூட்டின் ஒரு முனையில் கறுப்புப் பொட்டு ஒன்று தெரியும். புழு தன் வயிற்றில் அதுவரை தேங்கியிருந்த கழிவு முழுவதையும் ஒரே முறையில் வெளியேற்றிய இடம் அது. முதல் எறும்பு வெளிவந்ததை நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ராணி கூட்டைத் தாடையால் கவ்விச் சிறிது சிறிதாகக் கிழித்தது. உள்ளே கால்களை மடக்கிக் கிடந்த வெளிர்மஞ்சள் எறும்பை மெல்ல இழுத்தெடுத்து, வெகுநேரம் நக்கிக்கொண்டே இருந்தது. அந்த முதல் தலைமுறை எறும்புகள் பின்னால் வருபவற்றைவிட மிகவும் சிறியவை. உணவே உண்ணாத தாயின் உடலிலிருந்து வளர்ந்தவை என்பதே காரணம்.

வேலைக்கார எறும்புகள் வந்ததும் உணவு தொடங்க வேண்டும். இனிப்புக்குத் தண்ணீரில் கரைத்த சர்க்கரையோ தேனோ போதும். ஆனால் புழு வளரப் புரதம் கட்டாயம் தேவை. மின்சாரக் கொசு மட்டையில் அடிபட்ட கொசுக்கள், விஷம் கலவாத சிறந்த தொடக்க உணவு. மழைக்காலத்தில் ஈசல், மற்ற நாள்களில் வெந்நீரில் முக்கியெடுத்த வெட்டுக்கிளியின் கால், வேகவைத்த முட்டையின் மஞ்சள்கருத் துணுக்கு என்று மாற்றி மாற்றித் தருகிறேன். வீதியில் செத்துக் கிடக்கும் கரப்பான்பூச்சியை ஒருபோதும் கொடுக்கக்கூடாது. அது எந்த மருந்தில் செத்தது என்பது தெரியாது. சர்க்கரைத் தண்ணீர் குடித்த எறும்பின் வயிறு புடைத்து, கரிய தகடுகளுக்கு இடையே வெளிர்நிறச் சவ்வு பட்டை பட்டையாகத் தெரியத் தொடங்கும். அது அப்படியே உள்ளே போய், உணர்கொம்பால் தட்டிக் கேட்கும் மற்றோர் எறும்புக்கு வாயோடு வாய் வைத்துத் துளியைப் பகிரும். எறும்புக்கு உள்ள இரண்டு வயிறுகளில் முதலாவது கூட்டத்தின் பொதுக் களஞ்சியம் என்பதால், ஒன்று குடித்தாலே பல எறும்புகள் பசியாறிவிடுகின்றன. குழாயிலிருந்து ஒன்றிரண்டே வெளியே வந்து உண்கின்றன என்று கவலைப்படத் தேவையில்லை.

கட்டெறும்புக் கூட்டம் மெதுவாகவே பெருகும். முதலாண்டு முடிவில் சில பத்து எறும்புகளே இருந்தன. பெருந்தலை கொண்ட பெரிய எறும்புகள் அதற்குப் பின்தான் தோன்றின. அதுவரை சோதனைக் குழாயும், அதோடு இணைத்த ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவுமே போதுமானதாக இருந்தன. வெற்றிடம் மிகுந்த கூட்டில் சிறு கூட்டம் ஒரு மூலையில் ஒடுங்கும், மீதி இடத்தைக் குப்பைமேடாக்கும், ஈரத்தையும் தக்கவைத்துக்கொள்ள முடியாது.

கூடுகளைப் பொறுத்தவரை என் அனுபவம் இது. அக்ரிலிக் கூட்டில் உள்ளே நடப்பது தெளிவாகத் தெரியும் என்பதே அதன் ஒரே பெருமை. ஏப்ரல், மே மாதங்களில் அதன் ஈரம் அரை நாளில் வற்றிவிடும், வழவழப்பான தளத்தில் எறும்புகளுக்குப் பிடிமானமும் இல்லை. பொம்மைக் கடைகளில் கிடைக்கும் நிறக்கூழ் நிரப்பிய பெட்டி ராணி உள்ள கூட்டத்துக்கு உகந்ததே அன்று. அதில் புரதம் இல்லாததால் புழு வளராது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். எனினும் ஈரமானால் கட்டெறும்பின் தாடை அதைக் கொறித்துவிடுகிறது, மூலைகளில் பூஞ்சணமும் பிடிக்கிறது. இவற்றுள் எனக்கு மனநிறைவு தந்தது கட்டுமானப் பணிக்குப் பயன்படும் ஏஏசி கல்தான். உடைந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, திருப்புளியால் அறைகளைக் குடைந்து, ஓரத்தில் தண்ணீர் ஊற்ற ஒரு குழி வெட்டி, மேலே கண்ணாடியை வைத்து மூடினேன். குடையும்போது எழும் தூசியில் சிலிக்கா இருப்பதால் முகக்கவசம் அணிந்து, கல்லை நனைத்துக்கொண்டு வேலை செய்வது அவசியம். தண்ணீர்க் குழிக்கு அருகே ஈரமும் மறுமுனையில் உலர்வுமாக அந்தக் கல் தானே பிரித்துக்கொள்கிறது. எறும்புகள் முட்டைகளையும் புழுக்களையும் ஈரமான அறையிலும், கூட்டுப்புழுக்களை உலர்ந்த அறையிலும் கொண்டுபோய் அடுக்குவதைப் பார்த்தபோது, எந்த அளவு ஈரம் சரி என்று நான் கணக்கிட வேண்டியதில்லை என்பது தெளிவாயிற்று. குடிபெயர்க்கும்போதும் எறும்புகளை வற்புறுத்தக்கூடாது. பழைய குழாயை வெளிச்சத்தில் விட்டுப் புதிய கூட்டை இருட்டாக்கினால், அவையே முடிவு செய்து பெயர்ந்துகொள்ளும்.

தப்பாமல் காப்பதில் விலையுயர்ந்த டெஃப்ளான் திரவப் பூச்சு நெடுநாள் உழைக்கிறது, விரல் படாத வரைக்கும். முகப்பவுடரை சானிடைசரில் குழைத்துப் பெட்டியின் விளிம்பில் பூசுவது மலிவான மாற்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றின் ஈரத்தால் அது பிடிமானம் இழக்கும், அப்போது மறுபடி பூச வேண்டும். வாசலின் களிம்பு கோடையில் இளகி வழிந்துவிடுவதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உண்மையில் தப்பிப்பதைவிடப் பெரிய சிக்கல், வெளியிலிருந்து உள்ளே வரும் சிற்றெறும்புகள். தேன் துளியின் வாசனைக்கு வரும் நெருப்பெறும்புப் படை ஒரே இரவில் ஒரு சிறு கூட்டத்தை அழித்துவிடக்கூடியது. பலகாரத் தூக்கைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும் நம் வீட்டுப் பழைய வழக்கமே இதற்கும் காவல். அந்தத் தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கலந்தால், நீரின் மேற்பரப்பில் மிதந்து கடக்கும் நுண்ணிய எறும்புகளும் மூழ்கிவிடும்.

ஐரோப்பியக் குறிப்புகள் வற்புறுத்தும் குளிர்கால உறக்கம் நம் கட்டெறும்புக்குத் தேவையில்லை. நமக்குக் கவலை 40 டிகிரியைத் தொடும் வெயில்தான். கூட்டை மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில் வைக்காமல், உள்ளறையில் தரையை ஒட்டிய தட்டில் வைத்திருக்கிறேன். நேர்வெயில் படும் சோதனைக் குழாய் சில நிமிடங்களில் உள்ளிருப்பதைக் கொன்றுவிடும்.

ராணியை விலைக்கு வாங்குவதை நான் எதிர்க்கிறேன். 2025 ஏப்ரலில் கென்யாவில் சுமார் 5,000 ராணி எறும்புகளைக் கடத்த முயன்ற பெல்ஜிய இளைஞர்கள் இருவர் பிடிபட்டனர்; நாம் பயன்படுத்தும் அதே பஞ்சடைத்த சோதனைக் குழாய்களில்தான் அந்த ராணிகள் இருந்தன. அந்த வழக்கில் 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதமோ ஓராண்டுச் சிறையோ விதிக்கப்பட்டது. வெளியூர் எறும்பு ஓரிடத்தில் பரவினால் என்ன நேரும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. 2022இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலைச் சுற்றுக் கிராமங்களில் மஞ்சள் பைத்தியக்கார எறும்புகள் பெருகி, ஆடுமாடுகளையும் பயிர்களையும் பாதித்து, மலையடிவார மக்களை இடம்பெயரச் செய்தன. நம் தெருவில் கிடைத்த ராணியை நம் வீட்டிலேயே வளர்ப்பதில் அந்த அச்சம் இல்லை.

தொடங்க நினைப்பவர்கள் கால அளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கறுப்புத் தோட்ட எறும்பின் ராணி ஒன்று ஆய்வகத்தில் 28 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்ததாகப் பதிவு உண்டு; கட்டெறும்பு ராணியும் பல்லாண்டு வாழக்கூடியது. நாள்தோறும் காட்சி வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு முதல் ஆறு மாதம் ஏமாற்றமாகவே இருக்கும். ஒரு மீன்தொட்டி அவர்களுக்குக் கூடுதல் நிறைவு தரும். இடையில் தொடர முடியாமல் போனால், வேறு ஊரில் விடாமல், ராணியைப் பிடித்த அதே பகுதியில், மண் ஈரமாக இருக்கும் மழைக்காலத்து மாலையில், மரத்தடி ஒன்றில் கூட்டைத் திறந்து வைத்துவிட வேண்டும்.