மாவுக்கட்டா, பிரேஸும் பயிற்சியுமா?

வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருப்பதால், கணுக்கால் பிசகிய பட்டாளத்துக்காரர் குன்னூர்ப் பக்கம் புதிதல்ல. பூட்ஸ், முதுகில் பாரம், ஈரச் சரிவு. பாதம் உள்பக்கம் மடங்கினால் வெளிப்பக்கத் தசைநார்தான் முதலில் கிழியும்.

மாவுக்கட்டு போட்டால் வலி அடங்கும். மோசமான சுளுக்குக்குச் சுமார் 10 நாள் கட்டு உதவும். அதையே ஆறு வாரம் இழுத்தால் கெண்டைச்சதை சூம்பும், மூட்டு இறுகும். என் சித்தப்பாவுக்குக் கட்டுப் பிரித்த அன்று அந்தக் காலில் மட்டும் சாக்ஸ் தொளதொளவென்று இறங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிரேஸ், அதாவது கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் கழற்றக்கூடிய உறை, போட்டுச் சீக்கிரமே நடக்கவிட்டால் முதல் வாரம் வலிக்கும், சரி. ஆனால் லேசான, நடுத்தரச் சுளுக்கில் பணிக்குத் திரும்புவது இதில்தான் சீக்கிரம். முக்கியமான பயிற்சி ஒற்றைக் காலில் நிற்பது. பல் துலக்கும்போதே நிற்கலாம். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, அப்புறம் தலையணை மேல். மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற உணர்வு இப்படித்தான் திரும்பும். அது திரும்பாதவருக்கு மறுபடி மறுபடி பிசக வாய்ப்பு அதிகம்.

எலும்பு முறியவில்லை, சுளுக்கும் மோசமில்லை என்று உறுதியானால் நான் பிரேஸ் பக்கம்தான். ஒற்றைக் காலில் குதிகாலை வலியில்லாமல் பலமுறை தூக்க முடிந்தபின் ஓட்டம். பாரம் சுமப்பது அதற்கும் பிறகு.