ஆக்டேனா, ஆயிலா? கூடுதல் காசை எதில் போடுவது

பங்க்கில் வண்டியை நிறுத்தியதும் மனசு ஒரு நொடி தயங்கும். சாதாரண பெட்ரோலா, பக்கத்துக் குழாயில் இருக்கும் பிரீமியமா? விலை அதிகம் என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று பிரீமியத்தைப் போட்டுவிட்டு, வண்டிக்கு ஏதோ சத்துணவு ஊட்டிய திருப்தியோடு கிளம்புகிறவர்கள் நிறைய. இதே ஆட்கள் சர்வீஸுக்கு விடும்போது மெக்கானிக் எந்த ஆயில் கேனைத் திறக்கிறார் என்று எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். இப்போது என் பழக்கம் அப்படியே தலைகீழ். பெட்ரோலை முடிவு செய்ய அரை நிமிடம் போதும். ஆயிலுக்குத்தான் உட்கார்ந்து யோசிக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

சாதாரணமும் பிரீமியமும்

பிரீமியம் என்று விற்பது பெரும்பாலும் ஆக்டேன் எண் அதிகமுள்ள பெட்ரோல். இந்த எண் பெட்ரோலின் பலத்தைக் காட்டுகிறது என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அது அளப்பது பொறுமையை. பிஸ்டன் மேலே வந்து நெருக்கும்போது, ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ வந்து சேரும் முன்பு தானாக வெடித்துவிடாமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதுதான் கணக்கு. ஐசோஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு போட்ட அளவுகோல் இது. 95 என்றால், 95 பங்கு ஐசோஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை எவ்வளவு தாங்குமோ அந்த அளவுக்கு அந்தப் பெட்ரோலும் தாங்கும். அதற்குள் கூடுதல் சக்தி எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

இதற்கு எத்தனாலே சாட்சி. அதன் ஆக்டேன் எண் 100-ஐத் தாண்டும். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆற்றல் சுமார் 3 சதவீதம் குறைகிறது. 20 சதவீதம் கலந்தால் 6, 7 சதவீதம். ஆக்டேன் ஏற ஏற மைலேஜ் இறங்குகிற விசித்திரம்!

அப்படியானால் அதிக ஆக்டேன் யாருக்கு வேண்டும்? அதிகமாக நெருக்கும் இன்ஜினுக்கு. டர்போ வைத்து காற்றைத் திணிக்கும் இன்ஜினுக்கு. அங்கே குறைந்த ஆக்டேன் பெட்ரோல் போட்டால், பிளக்கிலிருந்து தீ பரவிக்கொண்டிருக்கும்போதே எரியாமல் மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்கும். வெளியே டகடகவென்று உலோகத்தைத் தட்டும் சத்தம் கேட்கும். இதுதான் நாக்கிங். இன்றைய வண்டிகளில் இதைக் காதுகொடுத்துக் கேட்க ஒரு சென்சார் இருக்கிறது. அது சத்தத்தைப் பிடித்ததும் இன்ஜினின் கணினி ஸ்பார்க்கைக் கொஞ்சம் தாமதப்படுத்திச் சமாளித்துவிடும். இன்ஜின் பிழைக்கும், இழுவை கொஞ்சம் குறையும்.

இந்தக் கணினி இருப்பதால் பெட்ரோல் மூடியில் எழுதியிருக்கும் வாசகத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். சாதாரணமே போதும் என்று இருந்தால் பிரீமியத்தால் பயன் ஒன்றுமில்லை. அந்தக் கூடுதல் பொறுமையைப் பயன்படுத்திக்கொள்ள அந்த இன்ஜினுக்குத் தெரியாது. பிரீமியம் 'பரிந்துரை' என்று இருந்தால் சின்னப் பலன் உண்டு. இப்படிப் பரிந்துரைக்கப்பட்ட சில வண்டிகளை அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2017-இல் சோதித்தபோது, பிரீமியத்தில் மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதமும் குதிரைத்திறன் 1.4 சதவீதமும் கூடின. விலை வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால் கணக்கு உதைக்கும். 'கட்டாயம்' என்று இருந்தால் பேச்சே இல்லை, அதைத்தான் போட வேண்டும். கணினி எவ்வளவுதான் சமாளித்தாலும், மலை ஏற்றத்தில் முழுச் சுமையோடு போகும்போது அதற்கும் ஒரு எல்லை உண்டு.

பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்று சொல்லும் கம்ப்ரெஷன் ரேஷியோவை மட்டும் பார்த்து நாமே முடிவு செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பழைய கார்புரேட்டர் காலத்தில் அது ஓரளவு சரி. மாஸ்டாவின் ஸ்கைஆக்டிவ் பெட்ரோல் இன்ஜின் சில நாடுகளில் 14-க்கு 1 என்ற அளவில் நெருக்குகிறது. வட அமெரிக்காவில் அதே குடும்பத்து இன்ஜின் 13-க்கு 1 வைத்துக்கொண்டு சாதாரண பெட்ரோலில் ஓடுகிறது. சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோலைத் தெளிப்பதால் கலவை குளிர்கிறது. இது முடிவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆகவே மூடியில் இருக்கும் எண்ணை நம்புங்கள்.

எண்ணைப் படிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. உலகின் பெரும்பகுதியில் பங்க்கில் எழுதியிருப்பது 'ரான்' என்ற ஆய்வக எண். அமெரிக்காவிலும் கனடாவிலும் எழுதியிருப்பது, ரானையும் 'மான்' என்ற இன்னொரு எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தது. மான் சோதனை இன்னும் கடுமையானது, அதனால் அந்தச் சராசரி சின்னதாகத் தெரியும். அங்கே 87 என்பது மற்ற இடங்களில் கிட்டத்தட்ட 91. இறக்குமதியான வண்டி வாங்கியவர்களும், வேற்று நாட்டு வீடியோவைப் பார்த்து முடிவு செய்பவர்களும் இதில்தான் வழுக்குகிறார்கள்.

பிரீமியம் போட்டால் இன்ஜின் சுத்தமாகும் என்ற வாதம் பாதி உண்மை. சுத்தம் செய்வது ஆக்டேன் அல்ல, பெட்ரோலில் கலக்கும் டிடர்ஜென்ட். சில நிறுவனங்கள் அதைப் பிரீமியத்தில் கூடுதலாகக் கலக்கின்றன. சில, எல்லாவற்றிலும் கலக்கின்றன. பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா சேர்ந்து 2004-இல் கொண்டுவந்த 'டாப் டியர்' என்ற தரம் எல்லா ஆக்டேனுக்கும் பொருந்துவது. 2016-இல் ஏஏஏ செய்த சோதனையில், அந்தத் தரத்துக்கு வராத பெட்ரோலில், காற்று உள்ளே நுழையும் இன்டேக் வால்வில் சேர்ந்த கசடு சராசரியாக 19 மடங்கு அதிகம். ஆனால் உங்கள் வண்டி நேரடித் தெளிப்பு வகை என்றால் பெட்ரோல் இன்டேக் வால்வைத் தொடுவதே இல்லை. தொடாத இடத்தை அது எப்படிக் கழுவும்?

டீசல்காரர்களுக்கு இந்தத் தலைவலி எல்லாம் இல்லை. அங்கே சீட்டேன், அது வேறு கதை: சீக்கிரம் பற்றிக்கொள்வதுதான் அங்கே பெருமை.

0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-40

இனி ஆயில். மேலே இருப்பவை ஆயில் கேனில் எழுதியிருக்கும் கிரேடுகள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி நகரும் என்பதைச் சொல்கிறது. இதற்கு வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ வகுத்த தரத்தில், ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுழற்றும்போது ஆயில் எவ்வளவு இறுகியிருக்கலாம் என்ற சோதனை 0டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூவுக்கு மைனஸ் 30-இலும், 10டபிள்யூவுக்கு மைனஸ் 25-இலும் நடக்கிறது. பனி உறையும் ஊரில் இந்த வித்தியாசம் பெரிது. வருடம் முழுக்க வெயில் அடிக்கும் இடத்தில் முதல் எண்ணுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பின்னால் உள்ள எண்தான் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்வது. 100 டிகிரியில் 20 கிரேடின் பாகுநிலை 6.9 முதல் 9.3 வரை, 30 கிரேடு 9.3 முதல் 12.5 வரை, 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரை. இதைவிட முக்கியமான ஒரு அளவு கேனில் எழுதப்படுவதில்லை. 150 டிகிரி சூட்டில், பேரிங்கின் நெருக்கத்தில் ஆயில் படலம் எவ்வளவு தாங்கும் என்பது அது. 20-க்குக் குறைந்தபட்சம் 2.6, 30-க்கு 2.9, 5டபிள்யூ-40 போன்றவற்றுக்கு 3.5.

இதைப் பார்த்ததும் "அப்போ கெட்டி ஆயில்தான் நல்லது" என்று தோன்றும். பழைய மெக்கானிக்குகள் பலர் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்கள் கற்ற இன்ஜினுக்கு அது பொருந்தியது. இன்றைய இன்ஜினில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கருவி ஆயில் அழுத்தத்தால் இயங்குகிறது, ஆயில் போகும் துளைகள் சிறியவை, ஆயில் பம்பே தேவைக்கேற்பத் தன் வேலையைக் கூட்டிக் குறைக்கிறது. 0டபிள்யூ-20 என்று வடிவமைத்த இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் காலையில் முதல் சில நொடிகள் மேல்பாகம் ஆயிலுக்குக் காத்திருக்கும். தேய்மானத்தில் பெரும்பங்கு ஸ்டார்ட் செய்து சூடாகும் வரையில்தான்.

மறுபக்கமும் இருக்கிறது. மெல்லிய ஆயில் வந்ததற்கு முக்கியக் காரணம் எரிபொருள் சிக்கனம், புகைக் கட்டுப்பாடு. அதே இன்ஜினுக்கு ஒரு நாட்டின் கையேடு 0டபிள்யூ-20 மட்டும் சொல்ல, இன்னொரு நாட்டின் கையேடு 5டபிள்யூ-30-ஐயும் அனுமதிப்பது உண்டு. என் தீர்ப்பு இதுதான்: கையேட்டில் இரண்டு மூன்று கிரேடுகள் இருந்து, நீங்கள் வெயிலில் முழுச் சுமையோடு நெடுந்தூரம் ஓட்டுபவர் என்றால், அனுமதித்தவற்றில் கெட்டியானதை எடுங்கள். கொஞ்சம் மைலேஜ் போகும், போகட்டும். கையேட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தால் அதுவே.

மினரலா, சிந்தெடிக்கா?

மினரல் என்பது கச்சா எண்ணெயைச் சாதாரணமாகச் சுத்திகரித்து எடுப்பது, சிந்தெடிக் என்பது வேதிமுறையில் செய்தது என்பார்கள். இந்த வார்த்தைகளுக்கு நான் முன்பு கொடுத்த மரியாதையை இப்போது கொடுப்பதில்லை. 1990-களின் கடைசியில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் இதில் ஒரு சண்டை நடந்தது. கச்சா எண்ணெயை ஹைட்ரஜனோடு கடுமையாகச் சுத்திகரித்து எடுக்கும் மூன்றாம் குழு ஆயிலைச் சிந்தெடிக் என்று அழைக்கலாமா என்பது கேள்வி. 1999-இல் அமெரிக்காவின் விளம்பரக் கண்காணிப்புக் குழு அழைக்கலாம் என்றது. அதற்குப் பிறகு 'ஃபுல் சிந்தெடிக்' என்று விற்பதில் பெரும்பகுதி இந்த வகைதான். ஆயில் மோசம் என்று சொல்லவில்லை. சூட்டையும் குளிரையும் மினரலைவிட நன்றாகவே தாங்குகிறது. ஆனால் அந்த வார்த்தை மட்டும் எதற்கும் உத்தரவாதம் தராது. 'செமி சிந்தெடிக்' இன்னும் மோசம், எத்தனை சதவீதம் கலந்தால் அப்படிச் சொல்லலாம் என்பதற்குப் பொதுவான அளவே கிடையாது. டர்போ இருந்தால் சிந்தெடிக் எடுங்கள். அதற்குப் பிறகு கேனைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள்.

பின்பக்கத்துச் சின்ன எழுத்து

என்னைப் பொறுத்தவரை ஆயில் விஷயத்தில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ பெட்ரோல் இன்ஜினுக்கு வகுத்த தரத்தில் இரண்டாவது எழுத்து முன்னேற முன்னேறப் புதியது. எஸ்பி 2020-இல் வந்தது, எஸ்க்யூ 2025-இல். புதியது வந்தால் பழையது ஏன் போதாது? டர்போவும் நேரடித் தெளிப்பும் சேர்ந்த சின்ன இன்ஜின்களில் ஒரு புது நோய் வந்தது. குறைந்த வேகத்தில், உயர் கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் அளவுக்கு வெடித்தது. சிலிண்டர் சுவரிலிருந்து தெறிக்கும் ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளிகள் ஒரு காரணம். ஆயிலில் டிடர்ஜென்டாகச் சேர்க்கும் கால்சியம் இதைத் தூண்டுகிறது என்று தெரிந்ததும் பலர் அதைக் குறைத்து மெக்னீசியம் சேர்த்தார்கள். 2018-இல் எஸ்என் பிளஸ், பிறகு எஸ்பி வந்ததற்கு இதுதான் பின்னணி. கவனியுங்கள், ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தினால் இந்த வெடிப்பு நிற்காது, அது ஸ்பார்க்குக்கே காத்திருப்பதில்லையே. பிரீமியம் பெட்ரோலால் வாங்க முடியாத பாதுகாப்பு சரியான ஆயிலில் கிடைக்கிறது.

ஐரோப்பிய வண்டிகள், அங்குள்ள வாகன உற்பத்தியாளர் சங்கமான ஏசிஇஏ-வின் எழுத்துகளைக் கேட்கும். ஏ3/பி4 என்பது கெட்டியான, சாம்பல் அதிகம் தரக்கூடிய ஆயில். சி3 அதே அளவு தாங்கும், ஆனால் சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல் போகாது. புகைக்குழாயில் துகள் வடிகட்டி உள்ள வண்டிக்கு ஏ3/பி4 ஊற்றினால், எரியாத அந்தச் சாம்பல் வடிகட்டியில் படிந்து மெல்ல மெல்ல அடைக்கும். இன்ஜின் நன்றாகவே ஓடும், அதனால் தப்பு நடந்ததே தெரியாது. நிறுவனத்தின் சொந்த எண்கள், வோக்ஸ்வேகன் 504 00 அல்லது பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04 போன்றவை, கையேட்டில் இருந்தால் அதே எண் கேனில் 'அப்ரூவல்' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறதா என்று பாருங்கள். 'இந்த வண்டிகளுக்குப் பொருந்தும்' என்பது ஆயில்காரரின் சொந்த வார்த்தை. அப்ரூவல் என்பது வண்டி செய்தவர் சோதித்துக் கொடுத்தது.

பைக்குக்கு இந்தக் கார் ஆயில் ஆசை வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின் ஆயிலிலேயே கிளட்ச் முங்கியிருக்கும். கார் ஆயிலில் சிக்கனத்துக்காகச் சேர்க்கும் வழுக்குப் பொருள் அந்தக் கிளட்ச்சை ஸ்லிப் ஆக்கிவிடும். நண்பர் ஒருவர் 'காஸ்ட்லி சிந்தெடிக்' என்று கார் ஆயிலை ஊற்றிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை என்று புலம்பினார். பைக்குக்கு ஜாசோ என்ற ஜப்பானியத் தரத்தில் எம்ஏ அல்லது எம்ஏ2 வேண்டும். கியரில்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் வெளியே உலர்ந்து இருப்பதால் ஜாசோ எம்பி.

எப்போது மாற்றுவது

விலையுயர்ந்த ஆயிலை நீண்ட நாள் வைப்பதா, நடுத்தர ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவதா? ஒரே தரக் குறியீடு இரண்டிலும் இருந்தால், சீக்கிரம் மாற்றும் கட்சி நான். குறிப்பாகத் தினமும் ஐந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு. கையேட்டில் 'கடுமையான பயன்பாடு' என்ற பகுதியைப் படித்தால், அது பந்தயக்காரர்களுக்கு எழுதியதல்ல என்று தெரியும்: குறுந்தூரம், புழுதி, நெரிசலில் நின்று நின்று போவது, அதிகச் சுமை. நம்மில் பாதிப் பேர் அதில் வந்துவிடுவோம். ஆயில் கறுத்துவிட்டது என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், கசடைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை.

டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கும்போது அளவு குறைந்தால் எல்லோருக்கும் பதறுகிறது. ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால்தான் நான் பதறுவேன். குறுந்தூர ஓட்டத்தில் எரியாத பெட்ரோல் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கியிருக்கலாம். மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், 5டபிள்யூ-30 என்று நீங்கள் ஊற்றியது இப்போது 30 இல்லை. தேதி வரும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகும் ஏறினால் இன்ஜெக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.