சீட்டக் கழட்டுறதா, லைட் வீல் போடுறதா?

மாருதி ஸ்விஃப்ட் கார் வச்சிருக்கவங்க அடிக்கடி கேக்குறது இதான், வண்டிய லேசாக்கணும், பின் சீட்டு ஸ்டெப்னி எல்லாத்தயும் தூக்கிடலாமா இல்ல காசு போட்டு ஃபோர்ஜ்டு அலாய் (உலோகத்த அழுத்தி அடிச்சு செய்யுற லேசான வீல்) வாங்கலாமான்னு. 2018 பெட்ரோல் மாடலே கிட்டத்தட்ட 870 கிலோதாங்க, கொறைக்க பெருசா ஒண்ணும் இல்ல.

செலவு: கழட்ட ஸ்பேனர் செட் போதும். ஃபோர்ஜ்டுன்னா பர்ஸ் கிழியும்.

எடை: சீட்டும் ஸ்டெப்னியும் சேத்து சுமார் 30 கிலோ போகும். வீல் மாத்துனா ஒண்ணுக்கு ரெண்டு மூணு கிலோதான் கொறையும், ஆனா அது சுத்துற எடை, அதோட சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குக்கு கீழ இருக்குறது, அதனால பிக்கப், பிரேக்கு, வளைவு, குண்டு குழி எல்லாத்துலயும் வித்தியாசம் தெரியும். ஸ்டைலுக்கு விக்கிற சீப் அலாய் பல நேரம் ஸ்டீல விட கனம், தராசுல வச்சுப் பாத்துட்டு வாங்குங்க.

சட்டம்: சீட்ட நிரந்தரமா எடுத்தா ஆர்சில இருக்குற சீட் கணக்கோட இடிக்கும், வண்டிய மாத்தி அமைக்கிறதப் பத்தின மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு அங்கதான் வருது. கம்பெனி அளவுலயே வீல் மாத்துனா தொல்லை கம்மி.

தெனம் ஓட்ட: சீட் இல்லாத வண்டில பின்னாடி சத்தம் மண்டைய பொளக்கும், வீட்டுல திட்டு தனி.

கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்ல டிராக் டேன்னா (நம்ம வண்டிய டிராக்ல ஓட்டிப் பாக்குற நாள்) அன்னிக்கு மட்டும் கழட்டிட்டு அப்புறம் மாட்டிக்கங்க. தெனமும் ரோட்ல ஓட்டுறவங்களுக்கு வீல்தான். ரெண்டுக்கும் காசில்லன்னா 37 லிட்டர் டேங்க பாதி மட்டும் நெரப்புங்க, 13 கிலோ ஓசில கொறையும்.