பெட்ரோலா, பேட்டரியா, கைவாளா? மலைத்தோட்டத்துக்கு எந்த செயின்சா ஒத்து வரும்

செயின்சா வாங்கப் போறேன்னு சொன்னா நம்ம பக்கம் எல்லாரும் கேக்குற மொதக் கேள்வி இஞ்சின் எத்தனை சிசி, செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு, அதாவது பார், எத்தனை இஞ்ச்னுதான். எவ்ளோ சீக்கிரம் அறுக்கும்னு பாக்குறோம், எவ்ளோ சீக்கிரம் நிக்கும்னு யாரும் பாக்குறதில்ல. எனக்கு ரெண்டாவதுதான் பெருசு, ஏன்னா நம்ம தோட்டம் சமதரை கிடையாது, கால் வைக்கிற எடமெல்லாம் சரிவு, மழை பேஞ்சா சருகுக்கு அடியில வழுக்கும், ஆளு சறுக்குனா மிஷின் எங்க போகும்னு சொல்லவே முடியாது. கொடைக்கானல் மலையில பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் காப்பிக்கு நடுவுல சில்வர் ஓக், முள்முருங்கை, பலான்னு நிழல் மரம் வச்சிருக்கவங்களுக்காக, செயின் எப்டி நிக்குதுங்குறத வச்சே ஒவ்வொண்ணா அலசிடலாம்.

மொதல்ல நல்ல கம்பெனி பெட்ரோல் மிஷின். ஸ்டில், ஹஸ்க்வர்னா மாதிரி. முழு ஆக்சிலேட்டர்ல செயின் செகண்டுக்கு சுமார் 20 மீட்டர் ஓடும், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர், மலைப்பாதையில பஸ் கூட அந்த வேகத்துல போகாது. பார் நுனியோட மேல்பக்கம் இருக்கு பாருங்க, அதுதான் ஆபத்தான எடம். கீழ கெடக்குற மரத்த அறுக்கும்போது நுனி அந்தப் பக்கத்துக் கிளையில லேசா பட்டாப் போதும், மொத்த மிஷினும் மூஞ்சிக்கு நேரா எகிறும், தலைய நகத்தக் கூட நேரம் இருக்காது. அதுக்குதான் முன் கைப்பிடிக்கு முன்னாடி ஒரு தடுப்பு வச்சிருக்கான். மணிக்கட்டு அதுல இடிச்சாலும் சரி, இடிக்காம மிஷின் எகிறுற வேகத்துலயே அது முன்னால சாஞ்சாலும் சரி, உள்ள ஒரு இரும்புப் பட்டை, செயின சுத்த வைக்கிற கிளட்ச் டிரம்ம இறுக்கி செயின நிறுத்திடும். ஆந்த்ரேயாஸ் ஸ்டில் பெட்ரோல்ல ஓடுற மரம் அறுக்குற மிஷின 1929லயே கொண்டாந்துட்டாரு, ஆனா இந்த பிரேக் வந்தது 1970கள்ல, நடுவுல எத்தனை பேரு அடி வாங்கியிருப்பாங்கன்னு நெனச்சாலே மனசு பதறுது.

எங்க தோட்டத்துக்கு மரம் வெட்ட வர்ற அண்ணன் ஒருத்தர் காலையில வேலைய ஆரம்பிக்கும்போது இததான் மொதல்ல பாப்பாரு. மிஷின தரையில வச்சு பின் கைப்பிடிய பூட்ஸ் காலால அழுத்தி ஸ்டார்ட் பண்ணுவாரு, அப்புறம் ரெண்டு கையிலயும் தூக்கி, இடது கை கட்டைவிரல் கைப்பிடிய சுத்தி இருக்க, ஆக்சிலேட்டர முழுசா குடுத்து, கைய எடுக்காம மணிக்கட்ட மட்டும் முன்னால மடக்கி தடுப்ப தள்ளுவாரு. செயின் டக்குனு நிக்கணும். ஒரு சுத்து ஓடி நின்னாலும் "தம்பி, இன்னைக்கு இது வேணாம், பட்டை தேஞ்சிருக்கு"ன்னு கீழ வச்சிடுவாரு. ஆக்சிலேட்டர விட்டு ஐடில்ல ஓடும்போது செயின் மெதுவா நகந்தாலும் அவரு தொட மாட்டாரு. கேக்குறதுக்கு சின்ன விஷயம், ஆனா நான் பாத்த பாதி ஆளுங்க இத செய்யறதே இல்ல.

அடுத்து 58 சிசின்னு ஸ்டிக்கர் ஒட்டி பாதிக்கும் கொறஞ்ச விலைக்கு வர்ற பேர் தெரியாத மிஷின். எல்லாமே மோசம்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒரே டப்பாவுல வர்ற ரெண்டு மிஷின் ஒரே மாதிரி இருக்குறதில்ல, ஒண்ணுல பிரேக் புடிக்கும் இன்னொண்ணுல புடிக்காது, ஸ்பேர் கேட்டா வத்தலக்குண்டுல இல்ல திண்டுக்கல்ல இல்லம்பான். 22 இஞ்ச் பார் வேற போட்டு விக்கிறான், நம்ம சில்வர் ஓக்குக்கு 16 இஞ்ச், மிஞ்சிப் போனா 18 இஞ்ச் பார் தாராளம், பார் நீளமானா நுனி கண்ணுக்குத் தெரியாத எடத்துல போயி படும். வாங்கியே தீருவேன்னா கடையிலயே ஓட விட்டு பிரேக் போட்டுக் காட்டச் சொல்லுங்க, காட்ட மாட்டேன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

பேட்டரி மிஷின் மேல எனக்கு நல்ல மரியாதை வந்திருக்கு, முழு சைசுல 12, 14 இஞ்ச் பாரோட வர்றதத்தான் சொல்றேன். பெட்ரோல் மிஷின் சத்தம் 100 டெசிபெலத் தாண்டும், காதுக்கு மூடி போட்டாத்தான் முடியும், மூடி போட்டா மரம் நெறியற சத்தமும் கேக்காது கூட நிக்கிறவன் கத்துறதும் கேக்காது. பேட்டரியில சத்தம் கம்மி, கை அதிர்வு கம்மி, புகை இல்ல, நல்ல மாடல்ல அதே மாதிரி செயின் பிரேக்கும் இருக்கு. ஆனா சத்தம் இல்லாததே இன்னொரு விதத்துல ஆபத்து, மிஷின் உயிரோட இருக்குன்னே பக்கத்துல வர்றவனுக்குத் தெரியாது, விசைய தொட்டா அந்த நொடியே ஓடும். அதனால செயின தொடுறதுக்கு முன்னாடி, எடம் மாறும்போது, பேட்டரிய கழட்டிப்புடணும். மேல்மலையில மார்கழி தை குளிர்ல ராத்திரி ஷெட்லயே பேட்டரிய விட்டா காலையில சார்ஜ் சீக்கிரம் எறங்கும், வீட்டுக்குள்ள வச்சுக்கங்க.

இப்போ நான் ரொம்ப பயப்படுற ஐட்டம். ரெண்டு மூணாயிரத்துக்கு ஆன்லைன்ல கிடைக்குற 4 இஞ்ச், 6 இஞ்ச் மினி பேட்டரி செயின்சா. காப்பி கவாத்துக்கு, அதாவது கிளை கழிக்க, அருமையா இருக்குன்னு வீடியோ போடுறாங்க, வீட்டுப் பொம்பளைங்க கூட புடிக்கலாம்னு விளம்பரம் வேற. பெரும்பாலானதுல செயின் பிரேக்கே கிடையாது. ஒரு கையில புடிக்கிற மாதிரிதான் அது அமைப்பே, அப்போ அடுத்த கை என்ன பண்ணும்? கிளைய புடிக்கும். காப்பிச் செடியில கிளை நெருக்கமா இருக்கும், வலது கையில மிஷின், இடது கை ஒரு சாண் தூரத்துல கிளைய வளைச்சுப் புடிச்சிருக்கும், கிளை பட்டுனு அறுந்ததும் மிஷின் அதே வேகத்துல முன்னால போகும், அங்க இருக்குறது இடது கை மணிக்கட்டு. பெரிய மிஷின பாத்தா வர்ற பயம் இத பாத்தா வராது, அதான் பிரச்சனையே. பசங்க கையில குடுக்காதீங்க. கவாத்துக்கு கத்திரியும் வளைஞ்ச கைவாளும் இருக்கும்போது இதுக்கு அவசியமே இல்லன்னுதான் நான் சொல்லுவேன்.

கைவாள பழசுன்னு ஒதுக்காதீங்க. தள்ளுறத நிறுத்துனா அது நின்னுடும், அத விட நல்ல பிரேக் எந்த மிஷின்லயும் இல்ல. மரத்து மேல ஏறி நிழல் கழிக்கிற வேலைக்கு வாளும் அருவாளும்தான், ஏணியில நின்னுக்கிட்டோ தோளுக்கு மேல தூக்கியோ செயின்சா ஓட்டவே கூடாது. மெதுவா ஆகும், தோள் வலிக்கும், கூலி கூட ஆகும், ஒத்துக்குறேன்.

காத்துல சாஞ்ச மரம்னா கணக்கு வேற. 2018ல கஜா புயல் அடிச்சப்போ கொடைக்கானல் ரோட்டுல எவ்ளோ மரம் விழுந்துச்சுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். வளைஞ்சு கெடக்குற மரத்துல ஒரு பக்கம் அமுங்கி இருக்கும், மறு பக்கம் இழுத்துக்கிட்டு இருக்கும், இழுவைப் பக்கம் மொதல்ல அறுத்தா பொளந்து அடிக்கும். அமுங்குன பக்கம் கொஞ்சம் அறுத்துட்டுதான் மறு பக்கம் வரணும், அதுவும் மேட்டுப் பக்கம் நின்னு, ஏன்னா தண்டு உருண்டா பள்ளத்துக்குத்தான் போகும். வேரோட சாஞ்சதுல தண்ட வெட்டுனதும் வேர்க்கட்டி திரும்ப நிமுந்து உக்காரும், அந்தக் குழியில யாரையும் நிக்க விடாதீங்க. இதுக்கு மிஷின மட்டும் வாடகைக்கு எடுக்காதீங்க, ஓட்டத் தெரிஞ்ச ஆளையும் சேத்து எடுங்க. நின்ன மரத்த வெட்டுறதுன்னா 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, அனுமதி வாங்கிட்டு கை வைங்க.

கடைசியா கால் உறை, பாதத்துக்குப் போடுற சாக்ஸ் இல்ல, தொடையையும் காலையும் மூடுற பாதுகாப்பு உறை. கைலி கட்டிக்கிட்டு செருப்போட ஓட்டுறவங்கள தெனம் பாக்குறேன். செயின்சாவுக்குன்னே வர்ற உறைக்குள்ள நீளமான இழை அடுக்கடுக்கா இருக்கும், செயின் பட்டதும் அந்த இழை பிச்சுக்கிட்டு வந்து செயின ஓட்டுற சக்கரத்துல சிக்கி மிஷின நிறுத்திடும். பெட்ரோலுக்கு இது நல்லா வேலை செய்யும். பேட்டரி மோட்டார் இழை சிக்குனாலும் இழுத்துக்கிட்டே ஓடப் பாக்கும், அதனால உறை போட்டிருக்கோம்னு நம்பி பேட்டரி மிஷின தொடை கிட்ட கொண்டு வராதீங்க. வாங்கும்போது செகண்டுக்கு 20 மீட்டரா 24ஆன்னு அதுல எழுதியிருக்கும், உங்க மிஷின் வேகத்துக்குக் கொறையாததா எடுங்க. ஒரு தடவ செயின் பட்டு உள் இழை வெளிய வந்துட்டா அத தைச்சுப் போடாதீங்க, தையல் விழுந்த எடத்துல இழை பிச்சுக்கிட்டு வராது, புதுசுதான் வாங்கணும்.