கடைத் தொட்டியில் சண்டை போடாத மீன்கள்

ரசீதில் "லைவ் ஃபிஷ் 9, 188 வெள்ளி" என்று மட்டும்தான் இருக்கிறது. என்ன மீன், எத்தனை அங்குலம், ஆணா பெண்ணா, ஒன்றுமே இல்லை. அன்றைக்கே அதைக் கவனித்திருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இருந்திருக்காது. பெரிய வேட்டை மீன் வளர்க்கும் ஆசையில் முதல் முறையாகக் கடைக்குக் கிளம்புகிறவர்கள் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

போன தீபாவளிக்கு அடுத்த வாரம் நடந்தது இது. கூடத்தில் இருந்த சின்னத் தொட்டியைக் கொடுத்துவிட்டு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் ஒன்று வாங்கியிருந்தேன். ஏறக்குறைய 450 லிட்டர். அதற்கு மேல் மனைவி சம்மதிக்கவில்லை. வீவக அடுக்குமாடி வீட்டுத் தரை தாங்குமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான், தண்ணீரே அரை டன்னுக்குப் பக்கத்தில் வருகிறது. ஒரு மாதம் ஃபில்டரை ஓடவிட்டு, மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் மீன் வாங்கப் போனேன். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோராமின் கலந்திருக்கும், அது மீனுக்கு ஆகாது. வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்தால் அது போகாது. அதனால் அதை முறிக்கும் மருந்து ஊற்றித்தான் நிரப்பினேன். இதையெல்லாம் சொல்லக் காரணம், பிற்பாடு கடைக்காரர் பழியை முழுக்க என் தண்ணீர்மேல் போட்டார்.

கடை ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. முதலாளி பேசமாட்டார், கல்லாவில் உட்கார்ந்திருப்பார். விற்பதெல்லாம் ஒரு தமிழ்த் தம்பி. எனக்கு ஜாகுவார் சிக்லிட் என்ற முரட்டு வேட்டை மீன் வேண்டும், கூடவே வேறு என்ன போடலாம் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. 3 அடித் தொட்டி ஒன்றைக் காட்டினார். ஜாகுவார், பீக்காக் பாஸ், ஆஸ்கார், சில்வர் டாலர் எல்லாம் சேர்த்து முப்பதுக்கு மேல் இருக்கும். அமைதியாக மிதந்துகொண்டிருந்தன.

"நீங்களே பாருங்கண்ணே, அடிச்சுக்குதா? எல்லாம் ஒன்னாவே வளரும்."

நான் ஏமாந்த இடம் இதுதான். கண் முன்னால் சாட்சி இருக்கும்போது யார் சந்தேகப்படுவார்கள்? காலை எட்டரை மணிக்கு ராஃபிள்ஸ் பிளேஸ் போகும் எம்ஆர்டி வண்டியை நினைத்துப் பாருங்கள். யாரும் இடத்துக்குச் சண்டை போடுவதில்லை, கால் வைக்கவே இடமில்லாதபோது எந்த இடத்துக்குச் சண்டை போடுவது? அதே ஆட்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்தால் மறுநாளே வேலித் தகராறு. ஜாகுவார், பீக்காக் பாஸ், ஆஸ்கார் எல்லாம் அடங்கிய சிக்லிட் குடும்பமும் அப்படித்தான். நெரிசலில் எந்த மீனாலும் ஒரு மூலையைத் தன்னுடையது என்று பிடிக்க முடியாது, அடியும் ஒரே மீன்மேல் விழாது. போதாததற்கு விற்பனைத் தொட்டியில் இருப்பதெல்லாம் குட்டி. நிலத்துக்காக அடித்துக்கொள்ளும் வயது இன்னும் வரவில்லை.

ஜாகுவார் ஒன்று, 5 அங்குலம், 60 வெள்ளி. அதே அளவில் பீக்காக் பாஸ் 45. சில்வர் டாலர் ஆறு, ஆளுக்கு 8 வெள்ளி. பாம்பு மாதிரி நீண்டு, அடித்தரையில் கிடக்கும் பிச்சிர் ஒன்று 35. "கீழ விழுற தீனிய இது சுத்தம் பண்ணிரும்ணே, இது ஃப்ரீ" என்று இரண்டரை அங்குலத்தில் ஒரு சின்னக் கெளுத்தியையும் பையில் போட்டார். இலவசமாகக் கிடைத்ததுதான் எனக்கு அதிக விலை வைத்தது.

முதல் வாரத்திலேயே சில்வர் டாலர்கள் குறைய ஆரம்பித்தன. ஆறு, பிறகு நாலு, பிறகு ஒன்று. சில்வர் டாலரை வேட்டை மீனுக்குத் துணையாகப் போடலாம் என்பது பொய்யில்லை. உடம்பு தட்டையாக, தட்டு மாதிரி உயரமாக இருப்பதால் வாய்க்குள் நுழையாது. ஆனால் அது வளர்ந்த மீனுக்குச் சொல்வது. எனக்கு விற்றது 2 அங்குலக் குஞ்சு. சிக்லிட்டின் வாய் மூடியிருக்கும்போது சின்னதாகத் தெரியும். இரையைப் பிடிக்கும்போது தாடை குழாய் போல முன்னால் நீண்டு தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். தொண்டைக்குள் இன்னொரு தாடையும் இருக்கிறது, உள்ளே போனதை அது நசுக்கித் தள்ளும். துணை மீன் தேடும்போது சாதுவா முரடா என்று கேட்பதற்கு முன்னால், அது வாய்க்குள் போகுமா என்று பாருங்கள். இன்றைய வாய்க்கு மட்டும் பார்த்தால் போதாது, ஆறு மாதம் கழித்து அந்த வாய் எவ்வளவு திறக்கும் என்று கணக்குப் போட வேண்டும். ஜாகுவார் ஒன்றரை அடிக்கு மேல் வளரக்கூடிய மீன்.

கடையில் 7 நாள் உத்தரவாதம் என்று பலகை தொங்குகிறது. ஐந்தாம் நாள் போனேன். முதலில் "உங்க தண்ணி சரியில்லண்ணே" என்றார். பாட்டிலில் கொண்டுபோயிருந்த தண்ணீரை அங்கேயே சோதிக்கச் சொன்னேன். சோதித்தார், குறை ஒன்றும் இல்லை. அப்புறம் சொன்னதுதான் உச்சம்: செத்த மீனின் உடலைக் கொண்டுவந்தால்தான் மாற்றித் தருவார்களாம். விழுங்கப்பட்ட மீனின் உடலை நான் எங்கிருந்து கொண்டுவருவது?

சரி, எட்டு வெள்ளி மீன்தானே என்று விட்டுவிட்டேன்.

பீக்காக் பாஸுக்கு என் மகள் "மயிலு" என்று பெயர் வைத்திருந்தாள். வாலில் மயில்கண் போல ஒரு வட்டம் இருக்கும், அதனால். பார்க்க முரட்டு மீன், நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடுகிறவர்கள் அதன் இழுப்பைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் தொட்டிக்குள் அது சண்டைக்காரன் இல்லை. துரத்திப் பிடித்துத் தின்னத் தெரியும், நிலத்துக்காக மல்லுக்கட்டத் தெரியாது. ஜாகுவார் நேர் எதிர். மத்திய அமெரிக்க ஏரிகளில் கல்லுக்கும் பள்ளத்துக்கும் அடித்துக்கொண்டு வாழும் இனம். இரண்டையும் 4 அடிக்குள் வைத்தால் பாஸ் ஒரு மூலையில் ஒடுங்கிவிடும். மயிலுவும் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால்தான் பாதி நாள் நின்றது. தீனி போடும்போது முன்னால் வரப் பயந்தது. பசி தாங்காமல் ஒரு ராத்திரி அந்தக் கெளுத்தியை விழுங்கப் பார்த்திருக்கிறது.

தேக்கா மார்க்கெட்டில் கெளுத்தி வாங்கி ஆய்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பயந்தால் முதுகு முள்ளையும் பக்கவாட்டு முட்களையும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும், அப்புறம் மடக்கவே முடியாது. காலையில் விளக்கைப் போட்டால் மயிலுவின் வாய்க்கு வெளியே கெளுத்தியின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. ஈரத்துண்டில் பிடித்து, கம்பி வெட்டும் இடுக்கியால் முள்ளை நறுக்கி எடுத்தேன். கெளுத்தி ஏற்கெனவே செத்திருந்தது. மயிலு மறுநாள் சாயங்காலம் போனது. மகளிடம் என்ன சொன்னேன் என்பதை எழுத விருப்பமில்லை.

இந்த முறை உடல் இருந்தது, ஆனால் ஏழு நாள் தாண்டிவிட்டது. தம்பி ரொம்ப வருத்தப்பட்ட முகத்தோடு ஒரு வழி சொன்னார். "மீன் கம்மியா இருக்கறதாலதான்ணே அது முறைக்குது. இன்னும் நாலு போட்டீங்கன்னா கோவம் பிரிஞ்சுரும்." அந்த உத்தி நிஜமாகவே இருக்கிறது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் எம்புனா என்ற சின்ன சிக்லிட்களை அப்படித்தான் கூட்டமாக வளர்ப்பார்கள், ஃபில்டரையும் அதற்கேற்றபடி பலமாக வைப்பார்கள். நாலைந்து அங்குல மீன்களுக்கு ஏற்ற வழியை ஒன்றரை அடி மீனுக்குச் சொல்வது வியாபாரம். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, 7 அங்குலத்தில் இன்னொரு ஜாகுவார் 70 வெள்ளிக்கும், ஆஸ்கார் இரண்டு 50 வெள்ளிக்கும் வாங்கினேன். பழையது ஆணா பெண்ணா என்று கேட்டார். தெரியாது என்றேன். கைப்பேசியில் இருந்த படத்தைப் பார்த்தார், "ரெண்டும் ஆண்தான்ணே, ஒன்னும் ஆகாது" என்றார். இளம் ஜாகுவாரின் பாலினத்தைப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மீனைத் திருப்பிப் பிடித்து அடிப்பக்கத் துவாரத்தைப் பார்த்துத்தான் ஓரளவு சொல்லலாம்.

பொங்கலன்று காலை தொட்டிக் கல்மேல் முட்டை. நூற்றுக்கணக்கில், வரிசையாக.

ஜோடி சேர்ந்த ஜாகுவார் முட்டையைக் காக்கும்போது தொட்டி முழுவதும் அதற்கு மட்டும்தான் சொந்தம். அன்று மதியத்துக்குள் ஒரு ஆஸ்கார் செதில் உரிந்து, ஒரு கண் போய், ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. இன்னொன்றை வாளியில் எடுத்து, யீஷூனில் இருக்கும் நண்பரின் தொட்டிக்கு டாக்சியில் கொண்டுபோனேன். எஞ்சியிருந்த ஒரே சில்வர் டாலர் எப்போது காணாமல் போனது என்று தெரியவில்லை. பிச்சிர் மட்டும் பிவிசி குழாய்க்குள் புகுந்துகொண்டு தப்பித்தது.

ஜோடியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கடைக்குப் போனால், "இதுக்கெல்லாம் கிராக்கி இல்லண்ணே, ரெண்டுக்கும் சேர்த்து 30 வெள்ளி, அதுவும் காசா இல்ல, இங்க வேற ஏதாவது வாங்கினா கழிச்சுக்கலாம்" என்றார். அது பிடிக்காவிட்டால் நீர்த்தேக்கத்தில் விட்டுவிடுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அனுமதி இல்லாமல் விலங்குகளை விடுவது இங்கே சட்டப்படி குற்றம். ஒவ்வொரு வருடமும், புண்ணியம் என்று சிலர் உயிர்களை விடும் விசாக தினத்தையொட்டித் தேசியப் பூங்காக் கழகம் இதற்காகவே தொண்டூழியர்களை நீர்த்தேக்கங்களுக்கு அனுப்புகிறது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த பீக்காக் பாஸும் மோட்டோரோ திருக்கையும் நம் நீர்த்தேக்கங்களுக்குத் தாமாக நீந்தி வரவில்லை.

வேறு வழியில்லாமல் 30 வெள்ளிக்குக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது அதே இரண்டு மீன்கள் தனித் தொட்டியில் இருந்தன. பெண்ணின் செவுளில் ஒரு தழும்பு உண்டு, எனக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டு: "முட்டையிட்ட ஜோடி, 260 வெள்ளி."

பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகலாம். சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை விசாரிக்கிறது. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட வழக்குக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டியது 10 வெள்ளிதான். ஆனால் எதைக் காட்டி வழக்குப் போடுவது? என் கையில் இருப்பது "லைவ் ஃபிஷ் 9". அதனால் இப்போதெல்லாம் மீனின் அறிவியல் பெயர், அளவு, பாலினம் பற்றி அவர்கள் சொன்னது, எல்லாவற்றையும் ரசீதின் பின்னால் கடைக்காரர் கையாலேயே எழுதச் சொல்கிறேன், குறைந்தது வாட்ஸ்அப்பிலாவது. இரண்டு கடைகளில் எழுத மறுத்தார்கள். வாங்காமல் வந்துவிட்டேன்.

நண்பரின் தொட்டி 8 அடி. அங்கே பீக்காக் பாஸ், முழுதாக வளர்ந்த சில்வர் டாலர், டட்னாய்ட் என்ற வரி போட்ட வேட்டை மீன் ஒன்று, இப்போது என் ஆஸ்கார். எல்லாம் ஏறக்குறைய ஒரே பருமன், நிலம் பிடிக்கும் மத்திய அமெரிக்க மீன் ஒன்றுகூட இல்லை. புது மீன் எதுவும் மூன்று வாரம் தனித் தொட்டியில் இருந்த பிறகுதான் உள்ளே போகும். அப்படிச் சேர்க்கும் அன்று கற்களை எல்லாம் இடம் மாற்றி வைப்பார், பழைய மீன்களுக்கும் தொட்டி புதிதாகத் தெரியும் என்று. ஜாகுவார் பற்றி அவரிடம் கேட்டேன். "4 அடிக்கு ஒரே ஒரு ஜாகுவார்தான். துணையே வேண்டாம்" என்றார். அதைச் சொன்னால் கடைக்கு 60 வெள்ளியோடு வியாபாரம் முடிந்துவிடும்.

இப்போது என் தொட்டியில் பிச்சிர் மட்டும் இருக்கிறது. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு குழாயை விட்டு வெளியே வந்து, மேலே ஏறி ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு, நான் போட்ட இறால் துண்டை மோப்பம் பிடித்துத் தேடும். மகள் இன்னும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.